குடியை நிறுத்துவதும் கிட்னியைப் பார்ப்பதும்: திருகோணமலையில் எதை முதலில் செய்வது

என் மாமா திருக்கடலூரில் கடல் தொழில் செய்பவர். வயது 52. இருபது வருடத்துக்கு மேலாக நாளுக்கு ஒரு கால் போத்தல் சாராயம், கடலுக்குப் போகாத நாளில் அரை. போன வருடம் காலும் முகமும் ஊதி, சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்கியது. தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தம் கொடுத்தார். ரிப்போட்டைப் பார்த்துப் பயந்துபோய், அன்றிரவே வீட்டில் இருந்த போத்தலைக் கிணற்றடியில் உடைத்துப் போட்டார். மாமிக்கு அழுகை, சந்தோஷம், எல்லாம் ஒன்றாக வந்தது. மூன்றாம் நாள் இரவு அவரை 1990 அம்புலன்ஸில் ஏற்றினோம்.

நாங்கள் செய்த காரியங்கள் பெரும்பாலும் சரியானவைதான். பிழைத்தது வரிசை. எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைக் கடைசியில் செய்தோம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் கிளினிக் வாங்கில் இருந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். யாரிடம், எப்போது, எதைக் கையில் கொண்டு போய்க் கேட்பது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

1. இன்றிரவே போத்தலை உடைக்காதீர்கள்

கேட்க வினோதமாகத்தான் இருக்கும். ஆனால் நாளாந்தம் நிறையக் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் கலங்கிவிடும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, சத்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை புத்தி தடுமாறும் ஆபத்து உண்டு. காய்ச்சல், இல்லாததைக் காண்பது, ஆட்களை அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் அப்போதுதான். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

மாமா அந்த இரவு என்னைக் கூப்பிட்டு, "மருமகன், உந்தச் சுவரில பார், எவ்வளவு சூடை மீன் ஏறுது" என்றார். மாமி சிரித்துவிட்டா. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் மாமியையே யாரென்று கேட்டார்.

வெசாக் நேரம் மதுக்கடைகள் தொடர்ந்து பூட்டியிருக்கும்போது சிலருக்குக் கை நடுங்குவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதே விஷயம்தான் இது. போயா நாளில் நடுங்குகிற ஆள் என்றால் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தக்கூடாத ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழும்பியதும் ஒரு வாய் குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், முன்பு நிறுத்தப் பார்த்தபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், நாளுக்குக் கால் போத்தலும் அதற்கு மேலும் தொடர்ந்து குடிப்பவர், ஈரல் வருத்தமோ வேறு பெரிய வருத்தமோ உள்ளவர் ஆகியோர் வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கிழமையில் ஒரு நாள், கலியாண வீட்டில் ஒரு நாள் என்று குடிப்பவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. அவர் இன்றைக்கே நிறுத்தலாம், நல்லது.

நிறுத்துவதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று யாரும் சாட்டு எடுக்க வேண்டாம். நான் சொல்லும் இடைவெளி சில நாட்கள்தான். அந்த நாட்களுக்குள் செய்ய வேண்டியவை கீழே.

2. எவ்வளவு குடிக்கிறார் என்று கிராமில் எழுதுங்கள்

டொக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எல்லோரும் சொல்லும் பதில் "கொஞ்சம் எடுப்பன் டொக்டர்." மாமாவும் அதைத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மாமி நிலத்தைப் பார்த்தா.

கணக்கு லேசு. போத்தலின் லேபலில் சதவீதம் இருக்கும். எத்தனை மில்லிலீற்றர் குடித்தாரோ அதை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் பிரித்து, பிறகு 0.8 ஆல் பெருக்குங்கள். வருவது சுத்த மதுசாரம், கிராமில். 33.5 சதவீதச் சாராயம் 180 மில்லி என்றால் ஏறக்குறைய 48 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்விப் பத்திரத்தில் 10 கிராம்தான் ஒரு குடி. ஆக, நம்மூர்க் கால் போத்தல் என்பது கிட்டத்தட்ட ஐந்து குடி.

"நான் சாராயம் தொடுறதில்லை, பியர் மட்டும்தான்" என்பவர்களுக்காக ஒன்று. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி ரின் ஒன்றில் 35 கிராம் இருக்கிறது. இரண்டு ரின் குடித்தவர் கால் போத்தல்காரரைத் தாண்டிவிட்டார். இதைச் சொன்னபோது என் நண்பன் ஒருவன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கசிப்பைக் கணக்குப் போட முடியாது. லேபலும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று காய்ச்சியவருக்கும் தெரியாது. மெதனோல் கலந்திருந்தால் கண் போகலாம், கிட்னியும் போகலாம். குடித்திருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் பொலிஸ் இல்லை.

ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் திகதி, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அதே கொப்பியில் அவர் போடும் குளிசைகளின் பெயரையும் எழுதுங்கள். இது ஏன் என்று ஏழாம் படியில் வரும்.

3. பரிசோதனை: நிறுத்தும் முன்னரே

வரிசை முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. குடி ஆசையைக் குறைக்கக் கொடுக்கும் மருந்துகளில் சில கிட்னி வழியாகத்தான் வெளியேறும். அக்கம்ப்ரோசேற் என்ற மருந்தை கிட்னி வேலை மிகக் குறைந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. நடுத்தரமாகக் குறைந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பக்லோபென் என்ற மருந்து கிட்னி பழுதானவரின் உடம்பில் தேங்கி மயக்கத்தில் போட்டுவிடும். குடியை நிறுத்த வைத்தியம் செய்யும் மனநலப் பிரிவு டொக்டரின் மேசையில் கிரியேற்றினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) இலக்கம் இல்லாமல் போய் உட்கார்ந்தால், "ரிப்போட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார். அல்லது அவசரத்தில் ஊகத்தில் மருந்து போக நேரும்.

கேட்க வேண்டியவை: பிரஷர், சீரம் கிரியேற்றினினும், அதை வைத்துக் கிட்னி எவ்வளவு வடிக்கிறதென்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் கணக்கும், சிறுநீர் முழுப் பரிசோதனை, சிறுநீரில் ஒழுகும் புரதத்தைக் காட்டும் அல்புமின்-கிரியேற்றினின் விகிதம், சோடியம்-பொற்றாசியம், வெறுவயிற்றுச் சீனி, ஈரல் பரிசோதனை. தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனுக்கு டொக்டர் எழுதுவார்.

எல்லாவற்றையும் ஒரே காலையில் வெறுவயிற்றோடு கொடுத்துவிட்டால் இரண்டு முறை அலைய வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். அல்புமினுக்கு எழும்பியவுடன் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது. காய்ச்சல் நாளிலோ, முதல்நாள் வலை இழுத்து உடம்பு முறிந்த நாளிலோ கொடுக்காதீர்கள். முந்தின இரவு இறைச்சியை நிறையத் தின்றுவிட்டுப் போனாலும் கிரியேற்றினின் கூடிக் காட்டும்.

இனி நாங்கள் விழுந்த குழி. மாமாவின் ரிப்போட்டில் கிரியேற்றினின் 141. பக்கத்து வீட்டு அண்ணன் தன் ரிப்போட்டைக் கொண்டுவந்து காட்டினார், 1.1. "எனக்கு ஒண்டு, உங்களுக்கு நூத்தி நாப்பத்தொண்டு!" என்றார் அவர். வீடு செத்த வீடானது. அந்த இரவுதான் போத்தல் உடைந்தது.

அவருடையது மில்லிகிராம் கணக்கு, மாமாவுடையது மைக்ரோமோல் கணக்கு. மைக்ரோமோலை 88.4 ஆல் பிரித்தால் மில்லிகிராம் வரும். 141 என்பது 1.6. கூடுதல்தான், கவனிக்க வேண்டியதுதான், ஆனால் உலகம் முடியும் கணக்கில்லை. இலக்கத்தைப் பார்க்க முன், அதன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். அல்புமின் விகிதத்துக்கும் இதே கதை உண்டு: ஓர் ஆய்வுகூடத்தின் 30 இன்னோர் ஆய்வுகூடத்தின் 3 ஆக இருக்கும்.

கிரியேற்றினினை விட ஈ.ஜி.எஃப்.ஆர்-ஐப் பார்ப்பது சுகம். 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், அல்லது அல்புமின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மூன்று மாதம் நின்றால், அதை நீண்டகாலச் சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் இரத்தச் சுத்திகரிப்புப் பேச்சு வரும். மாமாவுக்கு 52.

மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. குடித்துக் குடித்து மெலிந்து எலும்பாய்ப் போனவருக்குத் தசை இல்லாததால் ரிப்போட் நல்லதாகக் காட்டும். "கிட்னி கிளியர்" என்று அவர் சந்தோஷமாக ஒரு போத்தல் வாங்குவார். மெலிந்தவருக்குச் சிறுநீர் அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. எங்கே போவது, எதைக் கொண்டு போவது

பட்டினத்தில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே ஆதார வைத்தியசாலை உண்டு. முதல் தடவைக்குப் பட்டினம் வரத் தேவையில்லை. ஓ.பி.டி. எனும் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து மருத்துவக் கிளினிக்குக்கும் மனநலப் பிரிவுக்கும் கடிதம் வாங்குவதுதான் நேர்வழி. 35 வயதைத் தாண்டியவர் என்றால் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதியில் எந்த நாளில் நடக்கிறதென்று பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். இன்னும் வருத்தமென்று தெரியாதவர்களுக்கு இதுதான் வசதி, ஓ.பி.டி. வரிசையும் இல்லை.

"மனநலப் பிரிவு" என்றதும் மாமா எழும்பிவிட்டார். "நான் என்ன விசரனே?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். குடியை நிறுத்தும் வைத்தியம் அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் அந்தப் பிரிவின் கீழேதான் நடக்கிறது, வேறு வாசல் தேடினால் நாள்தான் போகும். எங்களுக்கு இரண்டு கிழமை போனது. கடைசியில் மாமி, "நித்திரைக் குளிசைக்கு எழுதிற டொக்டர் எண்டு நினைச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லித்தான் கூட்டிப்போனா.

கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இருந்தால் அது, பழைய ரிப்போட் எல்லாம் திகதி வரிசையில், குடியை எழுதிய கொப்பி, வீட்டில் இருக்கும் அத்தனை குளிசையும் மட்டையோடு ஒரு பையில். குளிசையின் பெயரைச் சொல்லத் தெரியாது, "மஞ்சள் குளிசை" என்றால் யாருக்கும் விளங்காது. மட்டையையே காட்டுங்கள். ரிப்போட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், சில டொக்டர்மார் சிங்களத்தில் கதைப்பார்கள். அதனால் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை கூடப் போவது நல்லது. அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை நாளாக இருக்கக்கூடாது, ஏனெனில் மத்தியானம் தாண்டும்.

நேரம்: ஓ.பி.டி.க்கு விடிய வெள்ளெனவே போய்த் துண்டு எடுங்கள். கிளினிக் நாள் பிரிவுக்குப் பிரிவு மாறும். கொப்பியில் எழுதித் தந்த திகதியை மட்டும் நம்புங்கள், "எப்பவும் புதன்தான்" என்று வரிசையில் நிற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். நாங்கள் நம்பி ஒரு புதன் சும்மா போய் வந்தோம்.

போகும் நாளில் குடித்துவிட்டுப் போகலாமா? கை நடுங்குபவர் முழுக்கக் குடிக்காமல் போனால் வரிசையிலேயே வலிப்பு வரலாம், நிறையக் குடித்துவிட்டுப் போனால் எவரும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள். முன்கூட்டியே யாராவது ஒருவர் போய் நிலைமையைச் சொல்லிக் கேட்டுவிட்டு அழைத்துப் போவதுதான் நாங்கள் கண்ட வழி. வீட்டிலிருந்தே பேச 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1927, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

5. நிறுத்தும் கிழமை

டொக்டர் வார்ட்டில் வைக்கச் சொன்னால் வையுங்கள். வீட்டில் செய்யலாம் என்று சொன்னால் மட்டும் வீடு. வார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு கிழமை அளவு எடுக்கும், ஆளுக்கு ஆள் மாறும். உடுப்பு, சோப்பு, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை போதும்.

முதல் நாட்களில் நடுக்கத்தை அடக்கும் குளிசை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். அந்தக் குளிசைகளை வீட்டில் நோயாளியின் கையில் கொடுக்காதீர்கள். ஒருவர் பொறுப்பெடுத்து நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதன் மேல் சாராயமும் போனால் மூச்சே நின்றுவிடலாம். தையமின் என்னும் விற்றமின் பி1 கொடுப்பார்கள், அது மூளையைக் காப்பாற்ற. நிறையக் குடிப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் கொடுக்க வேண்டும். ஆகவே "களைப்பாக இருக்கிறார், ஒரு சேலைன் போடுங்கோ" என்று தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனால், குடிப்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமையில் கிட்னிக்கு வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை. சத்தியும் வியர்வையும் சேர்ந்து உடம்பு வரண்டுபோகும். லொசார்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் குளிசையும், சிறுநீரைக் கூட்டும் தண்ணீர்க் குளிசையும், நோவுக் குளிசையும் அந்த வரட்சியோடு சேர்ந்தால் கிட்னி சில நாளில் திடீரென்று நின்றுபோகலாம். இரண்டு நேரத்துக்கு மேல் சத்தி நிற்காவிட்டால், அல்லது சிறுநீர் குறைந்து தேத்தண்ணி நிறத்தில் போனால், பிரஷர் குளிசையைத் தொடரலாமா என்று அன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

வலிப்பு, காய்ச்சலோடு குழப்பம், இல்லாததைக் காண்பது, இரத்தச் சத்தி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே 1990. இலவசம். ஆட்டோவுக்கு அலைய வேண்டாம். வரும்வரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவி, இரும்பு கையில் கொடுப்பதும் வேண்டாம்.

6. நிறுத்தினால் கிட்னிக்கு என்ன கிடைக்கும்

உள்ளதைச் சொல்வோம். மது நேரடியாகக் கிட்னியை அரித்துவிடும் என்று ஊரில் கதைப்பது அவ்வளவு சரியில்லை. அளவாகக் குடிப்பதற்கும் நீண்டகாலக் கிட்னி நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. நிறையக் குடிப்பவருக்குக் கேடு வருவது பெரும்பாலும் சுற்றுவழியில்.

பிரஷர் ஏறுகிறது, ஏறிய பிரஷர் கிட்னியின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களைத் தேய்க்கிறது. சிறுநீரை அடக்கிவைக்கும் ஹோர்மோனை மது அமுக்குகிறது, குடித்த தண்ணீரைவிடக் கூடுதலாகப் போகிறது. வெயிலில் கடலில் நிற்பவருக்கு அது இரட்டை நட்டம். ஒரே இரவில் அளவுமீறிக் குடித்தால் கிட்னி திடீரென்று பாதிக்கப்படலாம். குடித்து விழுந்து மணிக்கணக்காக ஒரே பக்கம் கிடந்தால் தசை நசிந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைக்கும். ஈரல் சுருங்கிப்போனவருக்குக் கிட்னியும் கூடவே நின்றுவிடும் ஒரு நிலை இருக்கிறது, அது மிகக் கெட்டது.

சுற்றுவழியில் வந்தபடியால்தான் நிறுத்தும்போது திரும்பவும் இடம் இருக்கிறது. வரட்சியால் ஏறிய கிரியேற்றினின் நாட்களில் அல்லது கிழமைகளில் இறங்கலாம். பிரஷர் சில கிழமையில் குறையும். அல்புமின் இறங்க மாதங்கள் எடுக்கும். தழும்பாகிப் போன பகுதி திரும்பாது. அங்கே செய்யக்கூடியது மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான்.

மாமாவின் இலக்கங்கள்: தொடக்கத்தில் பிரஷர் 164/102, மூன்று மாதம் கழித்து 138/86. ஈ.ஜி.எஃப்.ஆர் 52 இலிருந்து 66. அல்புமின் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. டொக்டர் இதில் எல்லாப் புகழையும் குடி நிறுத்தியதற்குக் கொடுக்கவில்லை. பிரஷர் குளிசையும், முழங்கால் நோவுக்குப் போட்ட குளிசையை விட்டதும் சேர்ந்துதான் என்றார்.

நிறுத்தியவர்களிடம் நான் கண்ட இன்னொன்று: இனிப்பு ஆசை. மாமா பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி போட்டு நாளுக்கு எட்டுத் தடவை குடித்தார். சாராயம் போன வாசலால் சீனி வருத்தம் வரப் பார்த்தது. உப்பும் அப்படித்தான். நாளுக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டிய உப்பு, கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும்.

7. ஊரார் சொல்லும் வைத்தியம்

இந்தப் படியில் பொறுமையாக இருங்கள். இங்கேதான் ஆட்கள் கூடுதலாகக் கெடுகிறார்கள்.

நோவுக் குளிசை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை. இடுப்பு நோவு, முழங்கால் நோவு என்று பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிப் போடுவது. கிட்னி குறைந்தவருக்கு இவை விஷம் மாதிரி. மாமா இரண்டு வருடம் போட்டிருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. கொப்பியில் எழுதச் சொன்னது இதற்குத்தான். பனடோல் கிட்னிக்குப் பரவாயில்லை, ஆனால் நிறையக் குடிப்பவரின் ஈரலுக்கு அதுவும் அளவோடுதான். எத்தனை என்று கேட்டுப் போடுங்கள்.

"பியர் அடி, கல்லுக் கரையும்." கரையாது. சிறுநீர் கூடப் போகும், பிறகு உடம்பு வரண்டு, யூரிக் அமிலமும் ஏறும். கல் இருக்கிறதென்று சொல்லிக் கூட்டாளிமார் வாங்கிக் கொடுக்கும் பியரை மறுக்க மாமா இப்போது வைத்திருக்கும் பதில்: "டொக்டர் சொல்லட்டும், ஒரு பெட்டியே வாங்குறன்."

செவ்விளநீர். நல்ல கிட்னிக்கு நல்லது. கிட்னி நன்றாகக் குறைந்தவருக்கு அதில் உள்ள பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பும். பொற்றாசியம் ரிப்போட் வரும்வரை நாளுக்கு மூன்று குடிக்கச் சொல்லும் அன்பை ஒதுக்கி வையுங்கள்.

காமரங்காய்ச் சாறு, பிலிம்பிக்காய்ச் சாறு. கொலஸ்திரோலுக்கு, சீனிக்கு என்று வெறுவயிற்றில் குடிக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேற் நிறைய. நல்ல கிட்னியைக்கூட நாட்களில் நிறுத்திவிட்ட சம்பவங்கள் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கிட்னி நோயாளி காமரங்காய் தின்றால் விக்கல், குழப்பம், வலிப்புவரை போகும்.

மூலிகைத் தூள். எல்லாம் கெட்டதென்று சொல்ல மாட்டேன், ஆனால் என்ன மூலிகை என்று பெயர் சொல்லாத தூளைத் தொடாதீர்கள். ஈசுரமூலி இனத்தில் உள்ள அமிலம் கிட்னியைச் சுருக்கும் என்பது நிறுவப்பட்ட விஷயம்.

கடைசியாக, "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்" என்ற மருந்து. டைசல்ஃபிராம் என்ற குளிசை இருக்கிறது. அதைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தியெடுத்து, பிரஷர் விழும். தெரிந்து சம்மதித்துப் போடுபவருக்கு டொக்டர் கொடுக்கும் மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், உயிர் போகலாம். மாமிக்கும் ஒருவர் விற்கப் பார்த்தார். எத்தனையோ வருடக் கண்ணீரில் இருந்த மனுசி வாங்கத்தான் போனா. குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8. மூன்று மாதம் கழித்து மறுபடி

முதல் ரிப்போட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்லதென்றும் வேண்டாம், கெட்டதென்றும் வேண்டாம். நிறுத்தி இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்குள் ஒரு கிரியேற்றினின், பிறகு மூன்று மாதத்தில் முழுத் தொகுதி. முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். அப்போதுதான் ஒப்பிடலாம். இடையில் டொக்டர் வேறு திகதி சொன்னால் அதுதான் கணக்கு.

ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே, அல்லது வேகமாக இறங்கினால், அல்லது அல்புமின் நிறையப் போனால், சிறுநீரக வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மட்டக்களப்பு, அனுராதபுரம் போதனா வைத்தியசாலைகள் இருக்கின்றன. பொலனறுவையில் 2021 இல் திறந்த தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை இருக்கிறது. கடிதம் இல்லாமல் நேரே போய் நிற்காதீர்கள். பதவிசிறிபுரப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கத்தில் காரணம் தெரியாத கிட்னி நோய் இருக்கிறது, குடிக்காதவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வருத்தம் வந்தவர் எல்லோரும் குடிகாரர் என்று ஊர் பேசுவதையும் நிறுத்தலாம்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாரா? மாமா பத்திரகாளி கோயில் திருவிழா முடிந்த இரவு குடித்தார். அடுத்த கிளினிக்கில் மறைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. டொக்டர் திட்டவில்லை. எத்தனை நாள், எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுதினார். ஒரு நாள் குடியை ஒரு கிழமையாக விட்டால்தான் முதலாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டி வரும்.

9. காசு

அரச வைத்தியசாலையில் டொக்டர், வார்ட், அங்கே உள்ள பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். சில பரிசோதனைகளும் சில குளிசைகளும் அங்கே இல்லாத நேரம் வெளியே எழுதுவார்கள், கையில் கொஞ்சம் வைத்திருங்கள். தனியாரில் கிரியேற்றினினும் சிறுநீர் முழுப் பரிசோதனையும் கால் போத்தல் வாங்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் முடியும். அல்புமின் விகிதம் அதைவிடக் கூட, ஸ்கேனும் சனல் டொக்டரும் ஆயிரங்களில். விலை இடத்துக்கு இடம் மாறுவதால் இரண்டு இடத்தில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். "முழு உடம்புப் பக்கேஜ்" என்று விற்பதை வாங்க முன் அதற்குள் அல்புமின் விகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு விற்ற பக்கேஜில் தைரொயிட் இருந்தது, அது இல்லை.

கிட்னி நோய் உறுதியாகி, வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அரசாங்கத்தின் மாதக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகும் வேலை. வைத்திய நிபுணரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, கிளினிக் கொப்பியின் பிரதி கேட்பார்கள். கடிதத்தில் நோயின் நிலை எழுதப்பட்டிருக்கிறதா, டொக்டரின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று வைத்தியசாலை வாசலைத் தாண்ட முன் பாருங்கள்.

எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, மூலப் பிரதியை வீட்டில் வையுங்கள். நாங்கள் ஒரு மேசையில் மூலக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. இன்னொன்று எழுதி வாங்க மாமா திரும்பவும் ஆறு கிழமை காத்திருந்தார்.